இலங்கை உள்நாட்டுப் போர் 1983 ஜூலையில்தான் தொடங்கியதா?

"13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள், கொழும்பு எரிந்தது, போர் தொடங்கியது, அதற்கு முன் இரண்டு இனமும் ஒற்றுமையாகத்தானே இருந்தன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் சொல்கிற நான் வரலாறு படித்தவன் அல்ல. புழலில், காவாங்கரைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இலங்கைத் தமிழர் முகாம் கூப்பிடு தூரம். அந்த நாட்டின் கதை எனக்குத் தெரியவந்ததே பிரதி எடுக்க வந்த காகிதங்கள் வழியாகத்தான். அதனால் என் பதில் கொஞ்சம் காகித வாசனையோடு இருக்கும்: தொடக்கம் 1983 இல்லை, 1948. துப்பாக்கிக்கு முன்பே குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது.

முகாமில் ஒரு பெரியவர் இருக்கிறார். என்னைத் தம்பி என்பார், நான் ஐயா என்பேன். இலங்கை மலைநாட்டில், பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பிறந்ததும் அங்கேதான். ஆனால் வாயால் சொன்னால் 1948ஆம் ஆண்டின் சட்டம் ஏற்காது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். "லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறையில்) பிறந்த பிள்ளைக்கு யார் தம்பி சான்றிதழ் எழுதினார்கள்? கொழுந்து பறிக்கிற வயது வந்து, தோட்டத்தில் பேர் பதிந்த பிறகுதான் நாங்கள் கணக்கிலேயே வருவோம்" என்றார். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் அப்படி நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள் கிடைத்திருந்தார்கள். வாக்குரிமையும் பறிபோன பிறகு நடந்த 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை.

இங்கே நாம் வசதியாக மறக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போது யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் எல்லோரும் ஒன்றாக நின்று எதிர்க்கவில்லை. ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். மலையகத்தானுக்கு இன்று நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்று பொன்னம்பலத்தின் கட்சியிலிருந்து பிரிந்து போன செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பெரியவருக்கு இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பொன்னம்பலம் பெயரை எடுத்தாலே வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார்.

செல்வநாயகம் பயந்தது எட்டே வருடத்தில் நடந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. கொழும்பு காலிமுகத்திடலில் அமைதியாகச் சத்தியாகிரகம் இருந்தவர்களைக் கும்பல் அடித்துத் துரத்தியது. இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் சிங்கள இடதுசாரித் தலைவரான கொல்வின் ஆர். டி சில்வா. அதே மனிதர்தான் அமைச்சராகி, சிங்களத்தையும் பௌத்தத்தையும் உயர்த்திப் பிடித்த 1972 அரசியலமைப்பை எழுதினார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நடுவில் சரிசெய்ய ஒரு வாய்ப்பு வந்தது. 1957இல், சிங்களம் மட்டும் என்று சொல்லி ஆட்சிக்கு வந்த பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். பிராந்திய சபைகளும், வடக்கு கிழக்கு நிர்வாகத்தில் தமிழும் தருவதாகப் பேச்சு. எதிர்க்கட்சியிலிருந்த ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் பௌத்த பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே கலவரம். மறு வருடம் பண்டாரநாயக்காவைச் சுட்டுக் கொன்றவர் ஒரு பிக்கு. எந்த நெருப்பை மூட்டி ஆட்சிக்கு வந்தாரோ, அதை அணைக்க அவராலேயே முடியவில்லை.

எழுபதுகளில் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலுக்கும் இது வந்தது. 1971இல் மருத்துவப் படிப்புக்குத் தமிழில் எழுதியவருக்கு 250 மதிப்பெண் வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். அதற்குப் பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஒதுக்கீடு என்றாலே அநீதி என்று சிலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இட ஒதுக்கீட்டால் படித்து மேலே வந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் அதைச் சொல்ல மாட்டேன். மாவட்ட ஒதுக்கீட்டால் பின்தங்கிய தமிழ் மாவட்டங்களின் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. எழுதிய மொழியைப் பார்த்து மதிப்பெண் கேட்டதுதான் அநியாயம். படித்துக் கொண்டிருந்த பையன்கள் அதற்குப் பிறகு வேறு வழி பார்த்தார்கள். 1975இல் ஆயுதமெடுத்த தமிழ் இளைஞர்கள் யாழ்ப்பாண மேயர் துரையப்பாவைச் சுட்டுக் கொன்றார்கள். அவரும் தமிழர்தான் என்பதைக் கவனியுங்கள். 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாடு கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அடுத்த வருடத் தேர்தலில் அதை முன்வைத்தே தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களைப் பிடித்தது; அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தேர்தல் முடிந்த மறு மாதமே கலவரம். தனிநாட்டுக்கும் தோட்டத்துத் தமிழருக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் லயங்களையும் விடவில்லை. பெரியவர் குடும்பத்தோடு வடக்கே வவுனியாவுக்கு ஓடியது அப்போதுதான்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது எல்லோருக்கும் தெரியும், 97 ஆயிரம் நூல்கள் என்பதும் தெரியும். பலரும் பேசாத ஒன்று 1982 டிசம்பரில் நடந்தது. அப்போது ஜெயவர்த்தனா குடியரசுத் தலைவர். பொதுத் தேர்தல் வைக்காமல், 1977இல் வந்த நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் நீட்டிக்க ஒரு வாக்கெடுப்பு நடத்தி முடித்துக்கொண்டார். என்னைக் கேட்டால் கடைசிக் கதவு மூடியது அன்றைக்குத்தான். தமிழனுக்கு மட்டும் அல்ல, சிங்கள எதிர்க்கட்சிக்காரனுக்கும்.

பிறகு நீங்கள் சொன்ன ஜூலை. 23ஆம் தேதி திருநெல்வேலியில் சிப்பாய்கள் இறந்தார்கள் (யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, நம் அல்வா ஊர் இல்லை). மறுநாள் இரவு கொழும்பில் கலவரம் தொடங்கியது. வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். தெருவுக்குள் புகுந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழன் வீடு என்று கதவு எண்ணோடு பார்த்துப் போனார்கள். பெரியவரின் அப்பா அந்தப் பட்டியலில் ஏற முடியாமலே செத்தார். கொழும்பில் இருந்தவர்களை அதே பட்டியல் காட்டிக்கொடுத்தது. இதைப் பெரியவர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னபோது, மூன்று பிரதி எடுக்க வேண்டிய இடத்தில் பத்துப் பிரதி எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுச் சிங்களவர்கள் அலமாரிக்குப் பின்னாலும் மாடியிலும் ஒளித்து வைத்ததால் பிழைத்தவர்களும் நிறைய. அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

ஆகஸ்டில், தனிநாடு கேட்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்லி அரசியலமைப்பைத் திருத்தினார்கள். எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். பேசித் தீர்ப்போம் என்று சொல்ல நாடாளுமன்றத்தில் ஆள் இல்லாமல் போனது. காட்டுக்குள் ஆள் சேர்ந்தது.

பெரியவர் 1990இல் படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து இங்கே வந்தார். போன வாரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தார். இங்கே பிறந்த பெண், இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். கல்லூரி விண்ணப்பத்தை என் கணினியில் நிரப்பிக் கொண்டிருந்தோம். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் சென்னை, தாய்மொழி தமிழ். அடுத்த கட்டத்தில் குடியுரிமை என்று கேட்டு நாடுகளின் பட்டியல் விரிந்தது. அவள் தாத்தாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். பின்னால் ஆதார் பிரதி எடுக்க வந்தவர் சில்லறையை மேசையில் தட்டிக் கொண்டிருந்தார்.

"அதைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் தம்பி" என்றார் பெரியவர். அந்தக் கட்டத்தைத் தாண்டவிடாமல் திரை சிவப்பாகக் காட்டிக்கொண்டே இருந்தது.