கேள்வி - பதில்: குயில் எந்தத் தோட்டத்துக் குயில்?

இந்த வாரம் வந்த கேள்வியில பாதிக்கு மேல ஏஐ பாட்டு பத்தித்தான். மூட்டுவலிக்கு மருந்து கேட்டவங்க, வாடகை பிரச்சனை எழுதுனவங்க எல்லாம் மன்னிச்சுக்கணும், அடுத்த இதழ்ல உங்க வரிசைதான்.

அண்ணே, நான் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன், உங்க ஊருதான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சும்மா வெளாட்டுக்கு சுனோவுல, அதான் பாட்டு செஞ்சு தர்ற ஏஐ, ஒரு பாட்டுக்காரர உருவாக்குனேன். 1960கள்ல நம்ம மலேசியாவுல பால்மரம் வெட்டிக்கிட்டே, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையச் சீவி பால் எடுத்துக்கிட்டே பாடுனவரு, ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுட்டு 1968க்கு அப்புறம் இந்தியாவுக்குத் திரும்பிட்டாருன்னு ஒரு கதை, பேரு ‘கித்தாக்காட்டுக் குயில்’ (கித்தாக்காடுன்னா ரப்பர் தோட்டம்). நாலு பாட்டு, ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ, அவ்வளவுதான். குடும்ப வாட்ஸ்அப்புல போட்டேன், யாரோ வெளிய தள்ளிவிட்டுட்டாங்க. இப்ப எங்க சின்னத் தாத்தா, தீமிதி திருவிழாவுல இவரு பாடி நான் நேர்லயே கேட்டேன்னு அடிச்சு சொல்றாரு. உண்மைய சொல்லிரவா, இல்ல அப்படியே விட்டுரவா?

சொல்லணும் தம்பி, இந்த வாரமே சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு, உன் குயில் எனக்கும் வந்து சேந்துட்டாரு. கோயில் கமிட்டி குரூப்புல ஒருத்தர் போட்டு "நம்ம மண்ணின் மறந்துபோன கலைஞர்"னு எழுதி நாலு கும்பிடு வச்சிருந்தாரு. நான் தே ஓ (பாலில்லாத டீ) குடிச்சிக்கிட்டே கேட்டேன், முதல் பாட்டு முடியிற வரைக்கும் இவரு எந்தத் தோட்டமா இருப்பாருன்னு நானே யோசிச்சிக்கிட்டு இருந்தேன்னா பாத்துக்கோயேன். அந்த ரெக்கார்டு கரகரப்பு, பின்னால ஹார்மோனியம், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

ரெண்டாவது பாட்டுலதான் மாட்டிக்கிட்ட. உச்சி வெயில்ல நெத்தி வேர்வ சொட்டச் சொட்ட பால் வெட்டுறாரு உங்க ஆளு. எந்தத் தோட்டத்துல தம்பி உச்சி வெயில்ல மரம் வெட்டுனாங்க? விடியிறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு (ஆளெடுப்புக்கு) போயி, இருட்டோட இருட்டா நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு மரத்துக்கு ஓடுனவங்க நம்ம ஆளுங்க, ஏன்னா குளுமையில மரத்துக்குள்ள அழுத்தம் நல்லா இருக்கும் பால் ஓடும், வெயில் ஏற ஏற பால் நின்னுரும். அப்புறம் கொட்டுற மழையில வேற வெட்டுறாரு. பட்டை நனைஞ்சிருந்தா வெட்டுனா பால் மங்குல (பால் புடிக்கிற கிண்ணத்துல) விழாம மரமெல்லாம் வழிஞ்சிரும், மழைன்னா வேலை இல்ல, வேலை இல்லன்னா சம்பளம் இல்ல, அன்னிக்கு வீட்டுல அம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதுதான் பாட்டு தம்பி, அத விட்டுட்டீங்க. கூலிய ரூபாயில வாங்குறாரு, நாம என்னைக்கு ரூபாய்னு சொன்னோம், வெள்ளிதானே. மூணாவது பாட்டுல செம்பனைய (எண்ணெய்ப் பனைய) பாத்து ‘புதுசா வந்த மரமே’ன்னு ஆச்சரியப்படுறாரு. இந்த நாட்டுலயே முதல் முதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டது நம்ம பக்கத்துத் தென்னமரம் தோட்டத்துலதான், 1917ல. வேற ஊர்க்காரனா இருந்தா 60கள்ல ஆச்சரியப்படலாம், ஏன்னா அப்பதான் நெறய எடத்துல ரப்பர வெட்டிட்டு செம்பனை போட ஆரம்பிச்சாங்க, நம்ம ஊருக்காரன் ஆச்சரியப்பட்டா அது ஒட்டாது.

வரிய ஏஐகிட்டயே எழுத விட்டிருக்கேன்னு நல்லாத் தெரியுது. அது தமிழ் படிச்சதெல்லாம் இந்தியாப் பக்கத்துத் தமிழ்லதான், அதனால எதக் கேட்டாலும் வயலு, ஆத்தங்கரை, ரூபா, உச்சி வெயில்னுதான் வரும். பால் சுமக்குற காண்டா வாளியும், மரத்துல காஞ்சு ஒட்டிக்கிற ஒட்டுப்பாலும் அதுக்கு எங்க தெரியும்? 1968 விஷயம் மட்டும் நல்லா செஞ்சிருக்க, அந்த வருஷம் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால பிரஜாவுரிமை இல்லாதவங்க பெர்மிட் இல்லாம வேலை செய்ய முடியாதுன்னு ஆகி, நெறய குடும்பம் மூட்ட முடிச்சோட கப்பல் ஏறுச்சு. அது உண்மை. உண்மையோட பொய்ய ஒட்டுனா எது எதுன்னு பிரிக்கிறது கஷ்டம், உன் தாத்தா மாட்டுனது அதுலதான்.

இப்ப தாத்தா விஷயத்துக்கு வரேன். அவரு பொய் சொல்லல. ஒவ்வொரு தோட்டத்துலயும் ஒரு பாட்டுக்காரர் இருந்தாரு, திருவிழாவுல, கல்யாண வீட்டுல, கள்ளுக்கடையில பாடுவாரு, எங்க தோட்டத்துலயும் ஒருத்தர் இருந்தாரு. யாரும் ரெக்கார்டு போடல, போட்டோ கூட எடுக்கல. உன் பாட்ட கேட்டதும் தாத்தாவுக்கு அவரு ஊர்க்காரர் ஞாபகம் வந்திருக்கு, அந்த மனுஷன் மேல உன் பாட்ட போத்திட்டாரு. நீ போயி பக்கத்துல உக்காந்து, "தாத்தா இது நான் கம்ப்யூட்டர்ல செஞ்சது, மன்னிச்சிருங்க, ஆனா நீங்க தீமிதியில கேட்டது யாரு?"ன்னு கேளு. கேக்கும்போது ஃபோன்ல ரெக்கார்ட் பட்டன தட்டி வச்சிரு. முதல்ல திட்டுவாரு, வாங்கிக்க. அப்புறம் ரெண்டு வரி பாடிக் காட்டுனாருன்னா, நீ செஞ்ச நாலு பாட்டையும் தூக்கிப் போட்டுரலாம்.

கற்பனையா ஒரு பாடகர உருவாக்குறது தப்புன்னு நான் சொல்லல. ஜப்பான்ல ஹாட்சுனே மிக்குன்னு ஒரு பொண்ணு 2007ல இருந்து பாடுது, அது ஒரு சாஃப்ட்வேர், ஒரு நடிகையோட குரல எடுத்து செஞ்சது, எல்லாருக்கும் அது தெரியும், தெரிஞ்சுதான் டிக்கெட் வாங்கி மேடையில போயி பாக்குறாங்க. ஆனா 2025ல ‘த வெல்வெட் சன்டவுன்’னு ஒரு பேண்டு ஸ்பாட்டிஃபையில மாசத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல கேக்குற அளவுக்கு வந்துச்சு, அப்புறம்தான் பாட்டு, குரல், படம் எல்லாம் ஏஐன்னு ஒத்துக்கிட்டாங்க. கேட்டவங்களுக்குக் கடுப்பு, அதோட முடிஞ்சிச்சு, அவங்களுக்கு வேற ஆயிரம் உண்மையான பேண்டு இருக்கு. நமக்கு எழுதி வச்சதே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்துல உன் குயில் போயி உக்காந்துக்கிட்டாருன்னா நாளைக்கு ஒரு பிள்ள பள்ளிக்கூடத்து ஃபோலியோவுல (செயல்திட்ட ஏட்டுல) அவரு பேர எழுதும், டீச்சரும் மார்க் போட்டுருவாங்க.

அதனால ‘கற்பனைப் பாடகர்’னு பாட்டுக்குள்ளயே முதல் 3 செகண்டுல உன் குரல்ல சொல்லிரு. கீழ எழுதி வச்சா பத்தாது, ஃபார்வர்டு பண்ணும்போது எழுத்து கழண்டு போயி பாட்டு மட்டும்தான் போகும். போட்டோ மேலயும் எழுது.

சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு வாசகி: வரி நானே எழுதுறேன் சார், ஆனா அது பாடுறப்ப ‘பழம்’ பலம் ஆகுது, ‘குளம்’ குலம் ஆகுது. என்ன செய்யறது?

என்ன செய்யறது, நம்ம ஆளுங்களே பாதிப் பேரு அப்படித்தானே பேசுறோம்! சரி, வெளாட்டு போதும். தமிழ்ல ஒரே ‘க’வ எடத்துக்கு எடம் வேற மாதிரி சொல்றோம், மெஷினு அத யூகிச்சுத்தான் பாடுது. வரிய சின்னதா வைங்க, நீளமா சேத்து எழுதுன சொல்ல பிரிச்சு எழுதுங்க, நம்பர எழுத்தால எழுதுங்க, இல்லன்னா இங்கிலீஷ்ல படிச்சிரும். கோரஸ் எது சரணம் எதுன்னு சதுர அடைப்புல குறிச்சிட்டா வரிகளக் குழப்பாம பாடும். ழகரம் வர சொல்ல வேகமான எடத்துல வைக்காம இழுத்துப் பாடுற எடத்துல வைங்க. அப்பவும் சரியா வரலன்னா நீங்களே ஃபோன்ல பாடி அத மேல ஏத்துங்க, உங்க மெட்ட வச்சிக்கிட்டு இசைய மட்டும் அது கட்டட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் குரல் மாறுதுன்னு இன்னொருத்தரும் கேட்டிருந்தாரு, அதுக்கு பெர்சோனான்னு ஒரு வசதி இருக்கு, பிடிச்ச பாட்டோட குரல பிடிச்சு வச்சிக்கும், ஆனா காசு கட்டணும்.

இதுல சம்பாதிக்க முடியுமா? — பஹாவ் வாசகர்

ஒரு வரியில கேட்டுட்டீங்க. சுனோவுல இலவசமா செஞ்ச பாட்ட வியாபாரத்துக்கு பயன்படுத்தக் கூடாது, அப்புறமா காசு கட்டுனாலும் பழைய பாட்டுக்கு அந்த உரிமை வராது. ஸ்பாட்டிஃபையில ஒரு பாட்ட 12 மாசத்துல 1,000 தடவையாவது கேட்டிருந்தாத்தான் காசே ஓட ஆரம்பிக்கும். போட்டி எவ்வளவுன்னா, டீசர்னு ஒரு பாட்டு நிறுவனம் 2025 ஏப்ரல்ல சொன்ன கணக்குப்படி, அவங்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 20,000க்கு மேல முழுக்க முழுக்க ஏஐ செஞ்ச பாட்டு அப்பவே வந்து விழுந்துச்சு. உரிமையும் கொழப்பம்தான், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில, ஏஐக்கு வெறும் கட்டளை மட்டும் எழுதி பாட்ட வாங்குனா காப்புரிமை கெடையாது, மனுஷன் செஞ்ச பகுதிக்குத்தான் உண்டுன்னு சொல்லிருச்சு. பெரிய மூணு பாட்டுக் கம்பெனியும் 2024 ஜூன்ல சுனோ மேலயும், அதே மாதிரி இன்னொரு ஏஐயான யூடியோ மேலயும் கேஸ் போட்டாங்க, சிலது பேசித் தீந்துச்சு. பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) ஆப்பம் சுட்டு வித்தா இதவிட சீக்கிரம் காசு பாக்கலாம்.

கோயில் திருவிழாவுக்கு, இறந்துபோன ஒரு பெரிய பாடகர் குரல்ல பாட்டு செஞ்சா என்ன? கேக்க ஆசையா இருக்கு.

ஆச புரியுது. 2024ல லால் சலாம் படத்துல ஏ.ஆர். ரஹ்மான் இதத்தான் செஞ்சாரு, பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ரெண்டு பேரு குரலையும் ஏஐ வச்சுக் கொண்டு வந்தாரு, ஆனா ரெண்டு குடும்பத்துகிட்டயும் கேட்டு, காசும் கொடுத்து. நீங்க யாருகிட்ட கேட்டீங்க? கமிட்டி தலைவர்கிட்ட கேட்டா பத்தாது. உங்க ஊரு உருமி மேளப் பசங்க சும்மாத்தானே இருக்காங்க, அவங்களக் கூப்பிடுங்க.

நீங்க செஞ்சு பாத்தீங்களா அண்ணே? உண்மைய சொல்லணும்.

செஞ்சேன் லா. விடிகாலையில தப்பு அடிச்சு ஆளுங்கள எழுப்புறத வச்சு எட்டு வரி எழுதி, ஆம்பளக் குரல், மெதுவான தாளம்னு போட்டேன், ஒன்பதாவது தடவதான் ஒழுங்கா வந்துச்சு. வீட்டுக்காரம்மாகிட்ட போட்டுக் காட்டுனேன். அவங்க பத்தொம்பது வருஷம் மரம் வெட்டுனவங்க. முழுசா கேட்டுட்டு, "குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த ஆளு நாலு மணிக்கு எழுந்தவன் மாதிரி இல்ல"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.