டிபியில் நாமம் இருக்கட்டும், அண்ணாச்சி

தெருத் தண்ணீர் வாட்ஸ்அப் குழுவில், தாமரை மேல் நாமம் இருக்கிற அய்யாவழிச் சின்னத்தை வைத்திருக்கும் உங்கள் டிபியை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். டிபி உங்கள் நெற்றி மாதிரி, அதில் என்ன இடுவது என்பது உங்கள் பாடு.

குழுவின் படம்தான் பொதுச் சொத்து. நாகர்கோவிலில் எங்கள் குழுவில் ஒரு டிசம்பரில் அட்மின் கிறிஸ்துமஸ் குடில் படத்தை வைத்தார். மறுநாள் ஒருத்தர் பிள்ளையாரை வைத்தார். மூன்று நாள் தண்ணீர் திறக்கிற நேரத்தைக்கூட யாரும் போடவில்லை! கடைசியில் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியைப் படமெடுத்து வைத்தோம். இன்றும் அதுதான்.

பயப்படுகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. 1982-இல் குமரி மாவட்டத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காடு கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அதனால் அட்மினிடம் குழுவில் வாதாடாமல் நேரில் பேசுங்கள்.

வாட்ஸ்அப்பில் குழுவுக்கொரு டிபி வைக்க வழியில்லை. வேண்டுமானால் பிரைவசி அமைப்பில் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் மறைக்கலாம். நானாக இருந்தால் மறைக்க மாட்டேன்.

அப்புறம், ஸ்டேட்டஸில் அடுத்தவர் சாமியைக் கிண்டல் செய்து ஏதாவது போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் அதை அழியுங்கள்.