ஹேலோவே பிஎஸ்5-க்கு வருகிறது என்றால், எந்தப் பெட்டியை வாங்குவது?

கேள்வி: என் பெரிய பையன் பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கும் கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகனுக்கும் போனில் தினமும் வாக்குவாதம். தங்கை மகனிடம் சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் பெட்டி இருக்கிறது. "உங்க எக்ஸ்பாக்ஸ் கேமெல்லாம் எங்ககிட்டயே வந்துடுச்சு, இனிமே அந்தப் பெட்டி எதுக்கு?" என்பான். "உங்க ஹெல்டைவர்ஸும்தான் எங்க பக்கம் வந்துடுச்சு" என்பான் இவன். இவனுக்கு எக்ஸ்பாக்ஸ்தான் வேண்டுமாம். இப்போது லேப்டாப்பில் ஃபோர்ஸா என்ற கார் ரேஸ் கேம் ஆடுகிறான். வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் போனஸ் வந்ததும் ஏதாவது ஒன்றை வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். எதை வாங்குவது? ஒன்றில் வாங்கிய கேமை மற்றதில் ஆட முடியுமா?
(வாசகி, கோத்தகிரி)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா, பணம் போகிற இடம் அதுதான். முடியாது. பிஎஸ்5-ல் வாங்கிய கேம் பிஎஸ்5-க்கு மட்டும், எக்ஸ்பாக்ஸில் வாங்கியது எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும். பிஎஸ்5 தயாரிக்கும் சோனியும் எக்ஸ்பாக்ஸ் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட்டும் கேம்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற செய்திக்கு, அவரவர் கடையில் அந்த கேம் விற்பனைக்கு வந்திருக்கிறது என்பதற்கு மேல் பொருள் கிடையாது. பெட்டியை மாற்றினால் அதே கேமை மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பையன்கள் பேசுவதில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன்னுடைய நான்கு கேம்களை மற்ற கன்சோல்களுக்கும் (கேம் பெட்டிகளுக்கும்) தருவதாக அறிவித்தது. 2025 ஏப்ரலில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிஎஸ்5-க்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி கியர்ஸ் ஆஃப் வார் பிஎஸ்5-க்கும், சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்கும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. எக்ஸ்பாக்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் ஹேலோவும் 2026-ல் பிஎஸ்5-க்கு வரும் என்று அறிவித்துவிட்டார்கள். பெரிய கேம் ஒன்றைத் தயாரிக்கப் பல நூறு கோடி ரூபாய் ஆகிறது. பிஎஸ்5 விற்ற அளவுக்கு எக்ஸ்பாக்ஸ் விற்கவில்லை. போட்ட பணம் திரும்ப வேண்டுமென்றால் ஆள் அதிகமிருக்கும் பக்கம் போய் விற்றுத்தானே ஆக வேண்டும்?

ஆனால் போக்குவரத்து ஒரு பக்கமாகத்தான் அதிகம். சோனியின் காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் போன்றவை கம்ப்யூட்டருக்கு வந்தனவே தவிர எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. இன்னொரு கன்சோல் கம்பெனியான நின்டெண்டோ தன் மரியோவை இந்த இரண்டு பெட்டிகளுக்கும் தருவதில்லை. ஒரே ஒரு பெட்டிதான் என்னும் வீட்டில், அதிக கேம் கிடைப்பது இன்றைக்கு பிஎஸ்5-ல்தான். இந்த இடத்தில் உங்கள் தங்கை மகன் பக்கமே நிற்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டிஸ்க் போடும் பிஎஸ்5-ஐ வாங்கினால், லீவுக்குத் தங்கை மகன் மலை ஏறும்போது டிஸ்க்குகளையும் எடுத்து வரலாம். இவன் முடித்ததை அவன் கொண்டு போகலாம். ஒரு டிஸ்க்கில் இரண்டு வீடு ஆடும். டிஸ்க் டிரைவ் இல்லாமல் வரும் டிஜிட்டல் மாடலும் விற்கிறார்கள், விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். எக்ஸ்பாக்ஸின் சீரிஸ் எஸ் மாடலிலும் டிஸ்க் போட இடமில்லை. நம் மலையில் இது பெரிய விஷயம். 100 ஜிபி உள்ள ஒரு கேமை 20 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கப் பதினோரு மணி நேரம் ஆகும், அதுவும் வேகம் குறையாமல் இருந்தால். ஆனி ஆடிக் காற்றில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். டிஸ்க் இருந்தாலும் கொஞ்சம் டவுன்லோட் இருக்கும், முழுக்க நெட்டை நம்பியிருக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் பையனிடம் ஒன்று கேளுங்கள்: லேப்டாப்பில் ஆடும் ஃபோர்ஸாவை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கினானா, ஸ்டீம் என்ற இன்னொரு ஆன்லைன் கடையில் வாங்கினானா? மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் என்றால் அதே அக்கவுண்ட்டில் எக்ஸ்பாக்ஸிலும் காசில்லாமல் ஆடலாம், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அப்படி வாங்கிய கேம்கள் நிறைய இருந்தால் அவன் எக்ஸ்பாக்ஸ் கேட்பதில் நியாயம் இருக்கிறது, என் பதிலும் மாறும். ஸ்டீம் என்றால் அந்தச் சலுகை இல்லை. பிஎஸ்5-ல் ஃபோர்ஸாவைப் புதிதாக வாங்கி, சேர்த்த கார்களையெல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது பதினேழு வயதுப் பையனுக்குச் சின்ன இழப்பு அல்ல, அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவதற்கு ஒரே பெட்டி கட்டாயமில்லை. ஃபோர்ஸா, ஹெல்டைவர்ஸ் 2, ஃபோர்ட்நைட் மூன்றிலும் பிஎஸ்5-காரரும் எக்ஸ்பாக்ஸ்காரரும் ஒன்றாக ஆடலாம். காசு கொடுத்து வாங்கும் கேமை ஆன்லைனில் பலரோடு ஆட இரண்டு கம்பெனியும் சந்தா கேட்கும். அதையும் போனஸ் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊட்டியில் ஒருவர் பழைய பிஎஸ்5 டிஜிட்டல் தருகிறார். உள்ளே முப்பது கேம் இருக்கிறதாம், அக்கவுண்ட்டோடு சேர்த்து விலை சொல்கிறார். வாங்கலாமா?
(வாசகர், கூடலூர்)

பதில்: பெட்டிக்கு மட்டும் விலை பேசுங்கள். அந்த முப்பது கேமும் அவர் அக்கவுண்ட்டைச் சேர்ந்தவை. அக்கவுண்ட்டை விற்பதற்கு சோனியின் விதிகளில் இடமில்லை. நாளைக்கே அவர் பாஸ்வேர்டை மீட்டு எடுத்துக்கொண்டால், நீங்கள் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. பணம் கொடுக்குமுன் அவருடைய அக்கவுண்ட்டை நீக்கச் சொல்லி, உங்கள் அக்கவுண்ட்டில் நுழைந்து, ஆன்லைன் போகிறதா என்று பாருங்கள். சோனி தடை செய்த பெட்டியாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அரை மணி நேரமாவது ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். ஈரப்பதம் உள்ள வீட்டில் துணி மூடி வைத்திருந்த பெட்டி என்றால் உள்ளே துரு இருக்கலாம். பழைய பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கன்ட்ரோலர் பழுது. விற்றவர் டெல்லிக்காரர். கேஸ் போட டெல்லிக்கா போக வேண்டும்?
(வாசகர், குன்னூர்)

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்கு ஊட்டி. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பில், ஆர்டர் விவரம், பழுது தெரிகிற ஒரு சின்ன வீடியோ கையில் இருக்கட்டும்.