சுவிஸ் சுவரொட்டிகளும் எழுத்துகளும்: கேள்வி பதில்

கேள்வி: முகமோ படமோ இல்லாத 1950களின் சுவிஸ் சுவரொட்டிகள் இன்றும் கண்ணை இழுப்பது ஏன்?

பதில்: சூரிச் நகரின் டோன்ஹாலே இசையரங்கிற்காக வடிவமைப்பாளர் ஜோசப் முல்லர்-புரோக்மன் 1955இல் செய்த ‘பீத்தோவன்’ சுவரொட்டியைப் பாருங்கள். ஒரு மையத்தைச் சுற்றிக் கறுப்பு வளைவுப் பட்டைகள் சுழல்கின்றன; அவற்றின் தடிமன் ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்துக்கொண்டே போவதால், மெல்லத் தொடங்கிய இசை அரங்கை நிறைப்பதைக் கண்ணாலேயே உணர்கிறோம். வெள்ளையாக விட்ட இடமும் கறுப்பைப் போலவே அளந்து வைக்கப்பட்டது. அந்த அளவைக் கவனிக்காமல் வெறுமையை மட்டும் நகலெடுக்காதீர்கள்.

கேள்வி: ஹெல்வெட்டிகா, ஏரியல் என்ற இரண்டு எழுத்துருக்களும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஆங்கிலச் சிறிய ‘c’ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஹெல்வெட்டிகாவில் அதன் முனைகள் கிடைமட்டமாக வெட்டப்பட்டிருக்கும். ஏரியலில் சாய்வாக இருக்கும். முன்னது 1957இல் மாக்ஸ் மீடிங்கரும் எட்வார்ட் ஹாஃப்மனும் உருவாக்கியது. 1960இல்தான் இப்போதைய பெயரைப் பெற்றது.

கேள்வி: என் கடைப் பலகைக்கு எந்த எழுத்துரு நல்லது?

பதில்: முதலில் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் அளந்து வைக்கும் இந்த சுவிஸ் பாணிக் கட்டுப்பாடு ஒருவகைச் சர்வாதிகாரம் இல்லையா? ஜெர்மானிய எழுத்தமைப்பாளர் யான் சிகோல்டே இதைக் கைவிட்டாரே?

பதில்: இது விரிவாகப் பேச வேண்டிய கேள்வி. முனைக்கோடுகள் இல்லாத எழுத்தையும் சமச்சீரற்ற அமைப்பையும் 1928இல் ஒரு நூல் எழுதியே வலியுறுத்தியவர் சிகோல்ட். 1933இல் நாஜிகளால் கைது செய்யப்பட்டு, பின் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி வந்த அவர், தம் பழைய கொள்கையின் விட்டுக்கொடுக்காத தன்மையிலேயே அந்த அதிகார மனப்பான்மையின் சாயலைக் கண்டார். மரபான நூலமைப்புக்குத் திரும்பிய அவரை 1946இல் சுவிஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பில் எழுத்தில் கடுமையாகத் தாக்க, சிகோல்டும் எழுத்திலேயே பதில் கொடுத்தார்.

கேள்வி: அப்படியானால் பில் சொன்னது தவறு என்கிறீர்களா? சிகோல்ட் செய்தது துரோகம் அல்லவா?

பதில்: துரோகம் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். முந்நூறு பக்க நாவலை மணிக்கணக்கில் படிப்பவரின் தேவை வேறு, தெருவைக் கடக்கும்போது சுவரொட்டியைப் பார்ப்பவரின் தேவை வேறு. 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பெங்குயின் பதிப்பகத்தின் நூல்களைச் சீரமைத்தபோதும் சிகோல்ட் இடைவெளிகளை அதே கண்டிப்போடுதான் அளந்தார். பில் அந்தத் தொடர்ச்சியைக் காணவில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: திருமண அழைப்பிதழுக்கு எந்த எழுத்துரு?

பதில்: கடைப் பலகைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.