நம் ஒன்றியம், நம் ஊராட்சி: திருநெல்வேலி மாவட்டம் பற்றிய கேள்வி பதில்

ஊரக வளர்ச்சித் துறையில் விரிவாக்க அலுவலராகச் சேர்ந்து, வட்டார வளர்ச்சி அலுவலராக இந்த மாவட்டத்திலேயே ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை எழுதுகிறேன். பட்டா, வாரிசுச் சான்று போன்றவை வருவாய்த் துறையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றுக்கு விரிவான விடையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வள்ளியூரிலிருந்து: அண்ணாச்சி, எங்கள் ஒன்றிய அலுவலகம் வள்ளியூரில் இருக்கிறது. சாதிச் சான்று கேட்டால் இராதாபுரத்துக்குப் போகச் சொல்கிறார்கள். வள்ளியூர் தாலுகா அலுவலகம் எங்கே இருக்கிறது?

வள்ளியூர் என்ற பெயரில் வட்டம் கிடையாது, தம்பி. ஒரே நிலத்தின் மேல் இரண்டு எல்லைகள் வரையப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம், வரிவசூல், சான்றிதழ் ஆகியவற்றுக்காக வருவாய்த் துறை வகுத்தது வட்டம். குடிநீர், சாலை, தெருவிளக்கு, வீட்டுவசதி ஆகியவற்றுக்காக வகுத்தது ஊராட்சி ஒன்றியம். 2019இல் தென்காசி பிரிந்த பிறகு நம் மாவட்டத்தில் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாப்பாக்குடி, மானூர், பாளையங்கோட்டை, நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர், இராதாபுரம் என 9 ஒன்றியங்களும் அவற்றின் கீழ் 204 கிராம ஊராட்சிகளும் உள்ளன. வட்டங்களோ 8. பாப்பாக்குடி, களக்காடு, வள்ளியூர் ஆகிய மூன்றுக்கும் ஒன்றியம் உண்டு, வட்டம் இல்லை. திருநெல்வேலிக்கும் திசையன்விளைக்கும் வட்டம் உண்டு, ஒன்றியம் இல்லை. எந்த மனுவை எழுதும்போதும் ஊராட்சி, ஒன்றியம், வட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். தவறான அலுவலகத்துக்குச் சென்ற மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்வதிலேயே மாதங்கள் கழிவதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

ஆலங்குளத்திலிருந்து: நாங்கள் இப்போது தென்காசி மாவட்டம் ஆகிவிட்டோம். பழைய திருநெல்வேலிச் சீமை எவ்வளவு பெரியதாக இருந்தது?

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அமைந்த மாவட்டம் இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களை உள்ளடக்கி, வடக்கே சாத்தூர், திருவில்லிபுத்தூர் வரை பரவியிருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அந்த வடபகுதி போயிற்று. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து செங்கோட்டை வந்து சேர்ந்தது. 1986 அக்டோபர் 20 அன்று கிழக்குப் பகுதி சிதம்பரனார் மாவட்டமாகவும், 2019 நவம்பர் 22 அன்று வடமேற்குப் பகுதி தென்காசி மாவட்டமாகவும் பிரிந்தன. உங்கள் ஆலங்குளம் ஒன்றியம் பழைய பெயரோடுதான் புதிய மாவட்டத்துக்குச் சென்றது.

நாங்குநேரி ஒன்றியத்திலிருந்து: எங்கள் ஊர்க் குளத்தின் மடை உடைந்து கிடக்கிறது. ஊராட்சித் தலைவரைக் கேட்டால் பொதுப்பணித் துறை என்கிறார். அங்கே போனால் யூனியன் குளம் என்கிறார்கள். உண்மையில் யார் பொறுப்பு?

இந்த மாவட்டத்தில் கேட்கத்தக்க முதல் கேள்வி இதுதான் என்பேன். விடை ஆயக்கட்டில் இருக்கிறது. ஒரு குளத்தின் பாசனப் பரப்பு 40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. மக்கள் பழைய வழக்கப்படி பொதுப்பணித் துறைக் குளம் என்கிறார்கள். அதற்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளது ஒன்றியக் குளம். ஆக்கிரமிப்பை அகற்றும் வழியும் இதனால் மாறுகிறது: 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறைக் குளங்களுக்காக இயற்றப்பட்டது என்பதால், ஒன்றியக் குளத்துக்கு அதை மேற்கோள் காட்டி மனு எழுதினால் பயன் இராது. விவசாயத்துக்கு வண்டல் எடுக்க வேண்டுமானால் வட்டாட்சியரின் அனுமதி வேண்டும். ஆக, ஒரே குளத்துக்கு மூன்று அலுவலகங்கள்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தாமிரபரணியின் கரையிலுள்ள அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பகுதிகளில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் அணைக்கட்டுகளின் கால்வாய்கள் வயலை நேராகச் சென்றடைகின்றன. நாங்குநேரிக்கும் இராதாபுரத்துக்கும் அந்த நல்வாய்ப்பு இல்லை. வடகிழக்குப் பருவமழையும், பச்சையாறு, நம்பியாறு போன்ற குறுகிய ஆறுகளும், ஒன்று நிரம்பி வழியும் மறுகால் நீர் அடுத்ததை நிரப்பும் குளத்தொடரும்தான் அங்கே வாழ்வாதாரம். எனவே உங்கள் மடையை மட்டும் சரிசெய்தால் போதாது. மேலேயுள்ள குளத்தின் மறுகால் ஓடை தூர்ந்திருந்தால் உங்கள் குளத்துக்கு வர வேண்டிய நீர் வாராது. மேலேயிருப்பது நீர்வளத் துறைக் குளமாகவும் கீழேயிருப்பது ஒன்றியக் குளமாகவும் இருந்துவிட்டால், நடுவிலுள்ள ஓடைக்கு இரு பக்கமும் உரிமையாளர் இல்லாமற்போவதைக் கண்டு நான் மிகவும் வருந்தியிருக்கிறேன். தாமிரபரணி வெள்ள நீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி வரை 75 கிலோமீட்டர் கொண்டுசெல்லும் இணைப்புக் கால்வாய் இந்த வறட்சிப் பகுதிக்காகவே வெட்டப்பட்டது. ஆனால் அந்த நீரைத் தாங்குவதற்குக் கடைசிச் சிறுகுளமும் சீராக இருக்க வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் குளப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். ஆயக்கட்டு அளவு அதில் இருக்கும். பிறகு எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்மொழிக் கோரிக்கைக்குக் கோப்பு கிடையாது.

முக்கூடலிலிருந்து: பட்டா மாறுதலுக்கு எவ்வளவு நாள் ஆகும்?

வட்டாட்சியர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

மானூரிலிருந்து: உத்திரமேரூரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு நூறு ஆண்டு முன்பே எங்கள் மானூரில் தேர்தல் நடந்த கல்வெட்டு இருக்கிறதே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

மானூர் அம்பலநாதர் கோயில் கல்வெட்டு நாம் பெருமைப்படத் தக்கது. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, பொது ஆண்டு 800ஐ ஒட்டியது என்று கணிக்கப்படுகிறது. உத்திரமேரூரின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. எனவே காலத்தால் மானூர் முந்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் குடவோலை பற்றி மானூர்க் கல்வெட்டு பேசவில்லை. சபையில் யார் அமரலாம் என்பதையே அது வரையறுக்கிறது: ஊரில் பங்குடைய நிலத்தார், அவர்களின் பிள்ளைகளுள் நன்னடத்தையும், வேதத்தின் மந்திர பிராமணப் பகுதிகளோடு ஒரு தர்மநூற் பயிற்சியும் உடையவர். சபையில் முன்வைக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக் காரியத்தைத் தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் விதிக்கிறது. தேர்தல் நடந்ததாக எழுதினால், கல்வெட்டில் இல்லாததைச் சொன்னவர்களாவோம்.

மானூரிலிருந்து, வேறொருவர்: அண்ணாச்சி, நம் ஊர்ப் பெருமையை நீங்களே குறைக்கலாமா? இன்றைய ஊராட்சி அந்தச் சபையின் தொடர்ச்சி இல்லையா?

குறைக்கவில்லை, ஐயா. ஆனால் தொடர்ச்சி என்று சொல்ல இயலாது. அந்தச் சபை நிலமும் மறைக்கல்வியும் உடைய பிராமணர்களின் அமைப்பு. அதே ஊரில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இன்றைய ஊராட்சி வேறு வழியில் வந்தது. 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மாவட்ட வாரியங்களையும் வட்ட வாரியங்களையும் அமைத்தது. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இன்றைய மூன்று அடுக்கை நிறுவியது. அதன்படி பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு வந்தது. 2016 முதல் பெண்களுக்குப் பாதி இடங்கள். மானூர்ச் சபையில் நிற்கவே முடியாதிருந்த ஒரு பெண் இன்று அதே மானூர் ஒன்றியத்தில் ஊராட்சித் தலைவராக வர முடிகிறது என்பதே எனக்குப் பெரிய பெருமையாகத் தோன்றுகிறது.

பாளையங்கோட்டையிலிருந்து: ‘அன்று, அன்று’ என்பவருக்குத் தண்டம் விதித்தது கருத்துரிமைக்கு எதிரானது அல்லவா?

மாற்றுக் கருத்து சொன்னவரை அது தண்டிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுத்து முடக்குபவரையே தண்டித்தது என்பது என் வாசிப்பு. மானூரைப் பற்றி மேலும் ஏழெட்டுக் கேள்விகள் வந்துள்ளன. கல்வெட்டுக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்குவோம். குளமும் சாலையும் கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

பாப்பாக்குடி ஒன்றியத்திலிருந்து: 2016க்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் எங்கள் ஊராட்சிக்குத் தலைவரே இல்லாமல் போனது ஏன்?

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கு ஊரகத் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிவினையால் மறுவரையறை தேவைப்பட்ட 9 மாவட்டங்கள் விலக்கப்பட்டன; நம்முடையதும் தென்காசியும் அவற்றுள் அடங்கும். இங்கே 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் வாக்களிப்பு நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். அவர்கள் கடமையைச் செய்திருக்கலாம். ஆனால் இரவில் மோட்டார் பழுதானால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று மக்களுக்குத் தெரியவில்லை. மாவட்டத்தைப் பிரிப்பதற்கு முன் தேர்தல் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும் என்பதை நான் எங்கும் வலியுறுத்துவேன்.

சேரன்மகாதேவியிலிருந்து: எங்கள் ஊராட்சித் தலைவர் மீது வார்டு உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர முடியுமா?

நேரடியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை அவ்வாறு நீக்க முடியாது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, வட்டாட்சியர் வழியாக ஊராட்சியின் கருத்தை அறிந்து, அதன் பின்னரே முடிவெடுப்பார். ஒன்றியக் குழுத் தலைவர் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதால் அவருக்கு விதி வேறு.

மாநகர எல்லையை ஒட்டிய ஊரிலிருந்து: எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தால் நல்லதா?

1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் இணைந்து மாநகராட்சி ஆனது. பாதாளச் சாக்கடை, பெரிய குடிநீர்த் திட்டம் ஆகியவற்றுக்கு மாநகராட்சியிடம் வலிமை உண்டு. ஆனால் ஊரக வேலைத்திட்டம் உங்களுக்கு நின்றுவிடும், வரி மாநகர விதிப்படி மாறும், கிராம சபையும் இராது. வயலில் கூலிக்குச் செல்லும் குடும்பங்கள் உங்கள் ஊரில் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகு கருத்துச் சொல்லுங்கள்.

களக்காட்டிலிருந்து: களக்காடு தாலுகா அலுவலகம் எங்கே?

இது மூன்றாம் முறை வரும் கேள்வி. களக்காடு நாங்குநேரி வட்டத்தைச் சேர்ந்தது. முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மாஞ்சோலைக்குச் சாலை கேட்டு ஒன்றியத்தில் மனு கொடுக்கலாமா?

அது மணிமுத்தாறு பேரூராட்சிப் பகுதி. புலிகள் காப்பகத்துக்குள்ளும் இருக்கிறது. பேரூராட்சியையும் வனத்துறையையும் அணுகுங்கள்.

இராதாபுரம் ஒன்றியத்திலிருந்து, ஒரு தங்கை: அண்ணாச்சி, கிராம சபையில் பெண்கள் பேச எழுந்தால் ‘கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க’ என்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் கையெழுத்திடுவதற்கு மட்டும் அழைக்கப்பட்டவர் அல்லர், அம்மா. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். உங்கள் கையெழுத்து அந்த எண்ணிக்கையில் ஒன்று என்பதால்தான் அதை அவ்வளவு அவசரமாகக் கேட்கிறார்கள். ஆகவே வரவு–செலவு அறிக்கை படிக்கப்பட்டு, உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்ட பிறகு கையெழுத்திடுங்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து முன்வரிசையில் அமருங்கள். கோரிக்கையைத் தாளில் எழுதி இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்கிவிடுங்கள். மறுத்தால் அதே தாளை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள்.