மலைச் சைக்கிளின் பழைய பின்சக்கரம் புதிய வண்டிக்குப் பொருந்தாமல் போவது ஏன்?

நல்ல நிலையில் உள்ள சக்கரம், புதிய சட்டத்தில் ஏறவே மறுக்கும். மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை. காரணம், அச்சு அகலம். அதாவது, பின்சக்கரம் உட்காரும் இடத்தில் சட்டத்தின் இரு கால்களுக்கும் உள்ள இடைவெளி. முன்பு 135 மி.மீ. இருந்தது 142 ஆனது. பிறகு 'பூஸ்ட்' என்ற பெயரில் 148 வந்தது.

வெறும் வியாபாரத் தந்திரம் என்று பூஸ்டை ஒதுக்க முடியாது. 29 அங்குலச் சக்கரத்தின் கம்பிகள் நீளமானவை. பக்கவாட்டு அழுத்தத்தில் சக்கரம் எளிதில் நெளியும். சக்கரத்தின் நடுவில் கம்பிகள் கோக்கப்படும் ஹப்பின் விளிம்புகளைப் பக்கத்துக்கு 3 மி.மீ. வெளியே தள்ளினால் கம்பிகள் கூடுதலாகச் சாய்ந்து நிற்கும். கூடாரக் கயிறுகளைச் சற்று எட்டக் கட்டினால் கம்பம் அசையாமல் நிற்கிறதே, அதுபோலத்தான். ஆனால் பிரேக் தகடும் பல்சக்கரங்களும் கூடவே நகர்ந்துவிடுகின்றன. பழைய சக்கரம் முரண்டு பிடிப்பது அங்கேதான்.

எண் மாறினாலே சக்கரத்தைக் கழித்துக்கட்ட வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு: 135-இலிருந்து 142-க்குப் போகப் பல ஹப்புகளில் இரு முனைகளிலும் உள்ள மூடிகளை மாற்றினாலே போதும்.