ஜன்னலைச் சாத்தாதீர்கள்

அன்புள்ள அம்மா,

என் பெயரை வெளியிட வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. நானும் கணவரும் சென்னையில் வேலை பார்த்தோம். மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது அவருக்குப் புனேக்கு மாற்றல் வந்தது. நான் வேலையை விட்டுவிட்டு உடன் வந்தேன். ஹிஞ்சவடி பக்கம் பதினான்காவது மாடியில் வாடகை வீடு. மகளுக்கு இப்போது ஏழு மாதம். கணவர் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டரை ஆகும். வந்த பிறகு எனக்கு நன்றாகவே உதவி செய்கிறார்.

முன்பு மாதம் நான்கு புத்தகமாவது படிப்பேன். இந்த ஏழு மாதத்தில் ஒரு சிறுகதையைக்கூட முடிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் அவள் விழித்துவிடுவாள், இல்லையென்றால் நான் தூங்கிவிடுவேன். சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. எனக்குள் இருந்த வாசகி செத்துப்போய்விட்டாளோ என்று பயமாக இருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது, எதைப் படிப்பது?

வீடியோவில் அத்தை உரைமருந்து கொடுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் தமிழும் வெளியே மராத்தியும் இந்தியுமாக இருந்தால் குழந்தை பேசத் தாமதமாகும் என்றும் சொல்கிறார்கள். இங்கே எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. இரவில் அவள் அழுதால் ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் சமாதானப்படுத்துவேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

புத்தகம் பற்றி நீங்கள் எழுதியதை ஒரு தடவைதான் படித்தேன். பால்கனிக் கதவைச் சாத்துவது பற்றிய கடைசி வரியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். போன மாதம் மகளைப் பார்க்க நாகர்கோவில்–மும்பை ரயிலில் போனேன். மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் யாரோ சாதர் போர்வை விற்றுக்கொண்டு போனார். அந்த ஊரில் 1991-இல் நான் சாத்திவைத்திருந்த ஒரு ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து அதைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். உரைமருந்து வேண்டாம். ஏழு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு குழைந்த பருப்புச் சோறும் மசித்த காயும் போதும். ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் படக் கூடாது. அத்தையிடம் ‘டாக்டர் வேண்டாம்னுட்டாங்க’ என்று சொல்லுங்கள். மொழி பற்றிய பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சோலாப்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கும் தெருவில் மராத்தியும் பேசின. கடைவீதிக்குப் போனால் கன்னடமும் வரும். எந்தப் பிள்ளையும் ஊமையாகப் போகவில்லை.

அழுகையைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் தாண்ட மாட்டேன். பிள்ளை பெற்ற முதல் பத்துப் பதினைந்து நாள் கண் கலங்குவது பல பெண்களுக்கும் உள்ளதுதான், தானாகப் போய்விடும். ஏழாவது மாதத்திலும் காரணமில்லாமல் அழுகை வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இந்தப் பதிலை மீதி படிப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.

அடுத்து, உங்கள் கணவர். ‘உதவி செய்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் பிள்ளைக்கு யார் உதவி செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்தால் அது உதவி. பெற்ற அப்பன் துணி மாற்றினால் அது அவன் வேலை. நம் சட்டமும் இதில் ஒத்தாசையாக இல்லை. 2017-இல் திருத்திய பிறகு தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தகப்பனுக்கு மத்திய அரசு வேலை என்றால் 15 நாள். தனியார் கம்பெனி என்றால் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது, கம்பெனி பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. அவரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இரவு எட்டரைக்குப் பிறகு அந்தப் பிள்ளை அவர் மடியில்தான் இருக்க வேண்டும். நீங்கள் வேலையையே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் அம்மா. அவர் ஒரு மணி நேரத் தூக்கத்தை விடட்டும்.

சரி, ஜன்னலுக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் முக்கூடல் பக்கம். என் கணவருக்கு வங்கியில் பதவி உயர்வு கொடுத்துச் சோலாப்பூருக்கு மாற்றினார்கள். கைப்பிள்ளைக்கு நாலு மாதம். அம்மா கூட வந்து இருபது நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். ஊரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு அறையும் அடுக்களையுமாக ஒரு வீடு, பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கொட்டகை. துண்டு நெய்யும் தறிகள் பகலெல்லாம் தடதடவென்று ஓடும். என் மகள் அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவாள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு வரைக்கும் காலை மடக்கிக்கொண்டு ஒரே வீறிட்ட அழுகை. எனக்குக் கை நடுங்கும். தெரு முழுக்க நம்மைப் பற்றி என்ன நினைக்குமோ என்று தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டுவிடுவேன்.

நாலாம் நாள் சாயங்காலம் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அறுபது வயது இருக்கும் ஒரு அம்மாள், கட்டையான உருவம். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நேராக எங்கள் குழாயடிக்குப் போனாள். சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். கையை மோந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். அப்புறம்தான் பிள்ளையை வாங்கினாள். முன்னங்கையின் மேல் குப்புறப் போட்டு, தலையை முழங்கை மடிப்பில் தாங்கிக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டே நடந்தாள். இரண்டு நடை நடப்பதற்குள் அழுகை விக்கலாகக் குறைந்தது.

நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் சேலையில் பீடித்தூள் வாசம். என் அம்மா சேலையின் வாசம் அது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறவர்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். சோலாப்பூரிலும் தெலுங்கு நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் வேலை என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அவள் அப்படிக் கை கழுவியதும் புகையிலைக்காகத்தான். என் அம்மாவும் அப்படித்தான் கழுவுவாள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து தனியாகக் கிடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அந்த இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அவள் பிள்ளையோடு போய் ஜன்னல் கொக்கியை எடுத்துவிட்டாள். ‘கிட்டிகி எந்துக்கு மூசினவ்?’ என்று கேட்டாள். ஜன்னலை எதற்குச் சாத்தினாய்? நான் தமிழும் உடைந்த இந்தியுமாக, தெருவுக்குத் தொந்தரவாக இருக்குமே என்றேன். அவளுக்கு வந்த கோபம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தெலுங்கில் அவள் திட்டியதில் பாதி அன்றைக்கே புரிந்தது, மீதி பின்னால் புரிந்தது. மூன்று நாளாக இந்தப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது, பாதியில் வெட்டினாற்போல் நின்றுவிடுகிறது. அழுகிற சத்தத்தில் எனக்குப் பயமில்லை, அது திடீரென்று அமுங்கியதில்தான் ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று. உள்ளே பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ, தாய்க்கு என்ன ஆயிற்றோ என்று நான் பதறியது போதாதா? பிள்ளை அழுவது வெளியே கேட்டால்தானே யாராவது வருவார்கள்?

நான் யாருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேனோ அவளுக்குத்தான் மூன்று ராத்திரி தூக்கமில்லை.

நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற வார்த்தைகளிலேயே எனக்கு ஆகாத வார்த்தை இந்தத் ‘தொந்தரவு’. அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் கேட்டால் தொந்தரவு. குளித்துவிட்டு வரும் வரைக்கும் பிள்ளையைப் பிடி என்றால் தொந்தரவு. இதைச் சொல்லி உங்களை வளர்த்த அதே வீட்டில், நீங்கள் பிறந்தபோது எத்தனை பேர் உங்களைத் தூக்கினார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். குளிப்பாட்ட ஒரு பாட்டி வந்திருப்பாள். பூண்டுக்குழம்பு ஒரு வீட்டிலிருந்தும் பால்சுறாப் புட்டு ஒரு வீட்டிலிருந்தும் வந்திருக்கும். ராத்திரியில் நீங்கள் அழுதால் திண்ணையில் படுத்திருந்த பெரியவர் ‘பிள்ளைக்கு என்னம்மா?’ என்று குரல் கொடுத்திருப்பார். அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவோ தொந்தரவு கொடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் பிள்ளைகள் வளர்ந்தன. நாலு மாதமாக எதிர்வீட்டில் இருப்பது யார் என்று தெரியாமல் ஒரு பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம் நூற்று மூன்றுக்கு ஏறினால் வீடியோவில் அத்தை வந்து ஆட்டோ பிடிப்பார்களா? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நம்ம பக்கத்துப் பிள்ளை என்பதால்தான் உரிமையோடு திட்டுகிறேன்.

நாங்கள் அவளை அவ்வா என்று கூப்பிட்டோம். மறுநாள் காலையிலிருந்து மகளுக்குக் குளியல் அவள் காலில்தான். மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, முதுகில் வெந்நீரை ஒரே தாரையாக விடுவாள். மல்லாத்திப் போட்டால், நெற்றியில் உள்ளங்கையைத் தாழ்வாரம் மாதிரி வைத்து, கண்ணில் ஒரு சொட்டு இறங்காமல் ஊற்றுவாள். (மூக்கில் ஊதுவாள், எண்ணெயும் விடுவாள். அந்த இரண்டும் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உங்கள் மகளுக்கு யாரையும் செய்ய விடாதீர்கள்.) எங்கள் ஊர் ஆராரோ அங்கே ஜோ ஜோ ஆயிற்று. சோலாப்பூரில் ஆலைகள் வந்த காலத்தில் அவள் மாமியார் தெலங்கானாப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையோடு வந்தவளாம். அந்தப் பிள்ளைக்குக் குளிக்கவைத்தது அடுத்த வீட்டு மராத்திக்காரி என்று அவ்வா சொல்வாள்.

ஒரு வாரம் போனதும் நான் அவள் வாசலில் போய் உட்கார்ந்து முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டேன். நனைத்த இலையைத் தகரம் வைத்து வெட்டினேன். தூளை வைத்துச் சுற்றி, நுனியை மடித்து, நூல் கட்டினேன். கை மறக்கவில்லை. அவ்வா என் முகத்தைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள், அப்புறம் தெருவில் இருந்த அத்தனை பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். அதிலிருந்து பிள்ளையை அவள் பார்ப்பாள், நான் சாயங்காலத்துக்குள் இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பத்துக் கட்டாவது போட்டுக் கொடுப்பேன். சில நாள் பீடி வேண்டாம், போய்ப் படி என்று விரட்டிவிடுவாள். படிக்கிறது என்றால் எனக்கு உயிர் என்பது அவளுக்குத் தெரியும், அவளுக்கு எழுத்து தெரியாது. சோலாப்பூரில் இருந்த இரண்டு வருஷத்தில் நான் படித்த புத்தகங்களை அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் படித்ததில்லை. பிள்ளை இன்னொருத்தி மடியில் இருந்தது, அதனால் படித்தேன். எப்படிப் படிப்பது என்று கேட்டிருந்தீர்களே, எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

தமிழ் ஆட்கள் வேண்டும் என்றால் உங்களுக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டிலும் கட்கியிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஆனால் நான் சொல்வது எதிர்வீட்டை. ஒன்பது மாதம் முடிந்ததும் மகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வேண்டும். ஊரில் கொடுத்த தாய் சேய் அட்டையைக் கொண்டுபோனால் அங்கே அரசு மருத்துவமனையிலும் இலவசமாகப் போடுவார்கள். எங்கே, எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போங்கள், மீதியை உங்கள் மகள் பார்த்துக்கொள்வாள். மராத்தி தெரியாதே என்று சொல்லாதீர்கள். ஒரே வாக்கியம் கற்றுக்கொண்டால் போதும்: ‘காகூ, ஜரா பாளாலா பகதா கா?’ அத்தை, கொஞ்சம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்களா? திறக்கிறவர் முகம் சுளித்தால் அதற்கு அடுத்த கதவு. ஒரு மாடியில் நாலு வீடு இருக்குமே.

இன்று இரவு அவள் அழும்போது பால்கனிக் கதவு திறந்தே இருக்கட்டும். எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கட்டாயம் எழுதுகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் எதிர்வீட்டு அம்மாவின் பெயர் இருக்க வேண்டும்.